வீக்கம் வற்றினால் கணுக்கால் ஆறிவிட்டதா?

பாஸ்கெட்பால் ஆடும் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் பெரும்பாலும் உயரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். "இன்னும் வளருவானா சார்? கார்டாகவாவது பெரிய அளவில் ஆட முடியுமா?" கார்டு என்றால் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர், பெரும்பாலும் அணியில் உயரம் குறைந்தவர். நான் விளையாட்டு பிசியோதெரபிஸ்ட். உயரத்துக்கு என்னிடம் மருந்து கிடையாது. கணுக்கால் இதுவரை எத்தனை முறை பிசகியது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற கார்டு ஸ்டீஃபன் கரியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா டெல் கரி அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவில் 16 சீசன் ஆடியவர், பேர்போன ஷூட்டர். ஆனால் பள்ளி நாட்களில் மகன் ஒல்லிப்பிச்சான். தெம்பு போதாமல் பந்தைத் தாழ்வாகப் பிடித்து எறிவார். ஒரு கோடை விடுமுறை முழுக்க அந்த எறிமுறையைக் கலைத்து மாற்றியவர் அப்பாதான். அப்படியும் அப்பா படித்த வர்ஜீனியா டெக்கில்கூட உதவித்தொகை கிடைக்கவில்லை. டேவிட்சன் என்ற சிறிய கல்லூரிக்குப் போய், 2008 கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் அதைக் கடைசி எட்டு அணிகள் வரை கொண்டுவந்தார். கான்சஸிடம் 57-59 என்று தோற்றார்கள். அடுத்த ஆண்டு, என்பிஏ அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், மினசோட்டா அணி அடுத்தடுத்து இரண்டு பாயிண்ட் கார்டுகளை எடுத்தது. இரண்டு முறையும் கரியை விட்டுவிட்டது. ஏழாவதாக கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி எடுத்தது.

உடம்பு சிறிது என்றுதான் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். ஆனால் ஆபத்து வந்தது வலது கணுக்கால் வழியாக. திரும்பத் திரும்பப் பிசகி, 2011-லும் 2012-லும் அறுவை சிகிச்சை. 66 ஆட்டங்கள் கொண்ட 2011-12 சீசனில் அவர் ஆடியது வெறும் 26.

கணுக்காலின் வெளிப்பக்க ஜவ்வு இழுபட்டால் வலியும் வீக்கமும் மட்டும் வருவதில்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அங்கேதான் இருக்கின்றன. அவை மந்தமானால், கால் மடங்கத் தொடங்கியபின் தசை தாமதமாகத்தான் தாங்கும். ஒருமுறை பிசகிய கால் மறுபடி பிசகுவது இதனால்தான். ஓட்டத்தில் சட்டென்று நின்று திசை மாறுவதே கார்டின் பிழைப்பு. அவருக்கு இது இன்னும் மோசம்.

"வீக்கம் வற்றிடுச்சு, அடுத்த வாரம் மேட்ச்" என்று வரும் பையனைக் கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கச் சொல்வேன். நல்ல காலில் நிற்பான். பிசகிய காலில் சில நொடிகளிலேயே விரல்கள் தரையைக் கவ்வும், கணுக்கால் இப்படியும் அப்படியும் ஆடும், கை சுவரைத் தேடும். அப்புறம் படியிலிருந்து குதிக்கச் சொன்னால் முழங்கால் உள்பக்கம் சாயும். அது இடுப்புத் தசையின் பலவீனம். பக்கத்தில் நிற்கும் அப்பாவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

கரிக்கும் வேலை இடுப்பில்தான் நடந்தது. வாரியர்ஸ் அணியின் உடற்திறன் பயிற்சியாளர் கீகே லைல்ஸ், இடுப்பை மடக்கி எடை தூக்கும் பயிற்சிகளால் அதை வலுவாக்கினார். வேகத்தின் சுமையை இடுப்பு வாங்கினால் கணுக்கால் பிழைக்கும் என்பது கணக்கு. 2015, 2016 இரண்டு ஆண்டும் கரிதான் எம்விபி, அதாவது சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். பயிற்சி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கைத்திறன் யாருக்கு வரும்? ஆனால் கோர்ட்டுக்கே வர முடியாதவரின் திறமையை யார் பார்ப்பது?

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? பிசகிய முதல் இரண்டு நாளில் எண்ணெய் போட்டு அழுத்தி நீவாதீர்கள், அது வீக்கத்தைக் கூட்டும். நாலு அடிகூட வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பையே தொட்டால் வலிக்கிறது என்றால், எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வலி அடங்கியதும் ஒற்றைக்கால் பயிற்சி, குதிகால் உயர்த்துதல், இடுப்புப் பயிற்சி என்று தினமும் செய்ய வேண்டும். ஆட்டத்துக்குத் திரும்பியபிறகும் நிறுத்தக் கூடாது. நாள் எண்ணி அனுப்பாமல், இரண்டு காலும் ஒரே மாதிரி குதித்து இறங்குகிறதா என்று பார்த்து அனுப்புங்கள். ஆடும்போது கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் (பட்டை) போடுவதைப் பிள்ளைகள் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். கரி இத்தனை ஆண்டாக அதைப் போட்டுக்கொண்டுதான் ஆடுகிறார்.