கப்பலேறிய டொனால்ட் எந்த ஊர்க்காரர்?

ஆஸ்திரேலியாவிலோ கனடாவிலோ உள்ள ஒரு குடும்பம் ஸ்காட்லாந்திலிருந்து வந்த முன்னோரைத் தேடக் கிளம்பினால் முதலில் கேட்பது கப்பல் பட்டியலைத்தான். பெரும்பாலும் அது கிடைக்காது. பிரிட்டிஷ் துறைமுகங்களிலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியே போனவர்களின் பட்டியல்கள் 1890 முதல் 1960 வரைக்குத்தான் தொடர்ச்சியாக மிஞ்சியிருக்கின்றன. அதற்கு முன்பு சில தீவுகள்போல ஆவணங்கள் உண்டு. 1774, 1775 ஆண்டுகளில் சுங்க அதிகாரிகள் புலம்பெயர்வோரை நிறுத்தி வயது, தொழில், ஊர் எல்லாம் கேட்டார்கள். ஏன் போகிறாய் என்றும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். குத்தகை ஏறிவிட்டது என்பது அடிக்கடி வரும் பதில். 1852 முதல் 1857 வரை ஹைலண்ட் அண்ட் ஐலண்ட் எமிக்ரேஷன் சொசைட்டி என்ற குடியேற்றச் சங்கம் ஏறக்குறைய 5,000 பேரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது; அந்தப் பட்டியல் எடின்பரோ தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

மற்றவர்களைப் பொறுத்தவரை, போய்ச் சேர்ந்த இடத்திலிருந்துதான் பின்னோக்கி வரவேண்டும். தேடுவது ஒரே ஒரு சொல்: பாரிஷின் பெயர். தேவாலய எல்லையும் அதுதான், நம் வருவாய்க் கிராமம்போல நிர்வாக எல்லையும் அதுதான். ஸ்காட்லாந்தில் இப்படி 900 பாரிஷ்கள் அளவில் இருந்தன. அது தெரியாமல் டொனால்ட் மெக்டொனால்டைத் தேடுவது, மதுரையில் முருகேசனைத் தேடுவதுபோல.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1853 முதல் பதிவான இறப்புச் சான்றிதழ் இதற்கு ஒரு புதையல். பெற்றோர் பெயர், தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர், பிறந்த இடம், எந்த வயதில் எங்கே திருமணம், பிள்ளைகளின் பெயரும் வயதும், காலனியில் எத்தனை ஆண்டு என எல்லாவற்றுக்கும் கட்டங்கள் உண்டு. 1889இல் இறந்தவருக்கு '37 ஆண்டு' என்றிருந்தால் வந்தது 1852 வாக்கில். ஆனால் தகவல் சொன்னவர் யார் என்ற கட்டத்தை முதலில் பாருங்கள். மகன் சொல்லியிருந்தால், தான் பார்த்தேயிராத பாட்டியின் பெயரை ஊகித்துச் சொல்லியிருக்கலாம். திருமணச் சான்றிதழில் அவரே வாயால் சொன்னது இருக்கும். இரண்டும் முரண்பட்டால் நான் திருமணத்தைத்தான் நம்புவேன். கல்லறைக் கல்லையும் விடக்கூடாது: இன்ன பாரிஷில் பிறந்தவர் என்று பொறிப்பது ஸ்காட்டுகளின் வழக்கம்.

இடப்பெயரில் இரண்டு பொறிகள். 'கிளாஸ்கோ' என்றிருந்தால் பல நேரம் அது கப்பலேறிய ஊர்தான். 'இன்வர்னெஸ்' என்றால் நகரம் என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்கை, ஹாரிஸ், வட யூயிஸ்ட் தீவுகளெல்லாம் இன்வர்னெஸ் கவுண்டியில், அதாவது நம் மாவட்டம்போன்ற பிரிவில், அடங்கியிருந்தன. ஹாரிஸை ஒட்டிய லூயிஸ் மட்டும் ராஸ் கவுண்டி.

பாரிஷ் கிடைத்தபின் ஸ்காட்லாந்துக்கு வரலாம். அரசுப் பதிவு 1855 ஜனவரி 1இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பு இருப்பவை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவும் திருமண ஓலை, அதாவது மணத்துக்கு முன் தேவாலயத்தில் செய்யும் அறிவிப்பு, வாசித்த பதிவும். இவற்றை வைத்திருக்கும் ஸ்காட்லாந்து அரசின் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் இணையதளத்தில் பெயரைத் தேடுவது இலவசம். பக்கத்தின் படத்தைப் பார்க்கத்தான் கட்டணம். மணமக்கள் இருவேறு பாரிஷ் என்றால் ஓலை இரண்டு இடத்திலும் வாசிக்கப்பட்டிருக்கும். அதை இரண்டு திருமணமாக எண்ணக்கூடாது. பதிவே இல்லாமல் போவதற்கும் காரணங்கள் உண்டு. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி இருந்ததால் பலர் பதியாமலே விட்டார்கள். 1843இல் திருச்சபை உடைந்து ஃப்ரீ சர்ச் பிரிந்தபோது வடமேற்கு மலைப்பகுதியான ஹைலண்டில் கூட்டம் கூட்டமாகப் புதிய சபைக்குப் போய்விட்டார்கள். பாரா தீவில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். மேற்குத் தீவுகளின் ஏடுகள் பல 1800க்குப் பிறகே தொடங்குகின்றன.

பெயர்கள் தனித் தலைவலி. ஹைலண்டின் மொழியான கேலிக் பேசியவரின் பெயரை எழுத்தர் ஆங்கிலமாக்கும்போது ஒலியையும் பார்ப்பதில்லை, பொருளையும் பார்ப்பதில்லை. டோர்மட் நார்மன் ஆவார். சோர்லி சாமுவேல் ஆவார். ஓய்ரிக் என்ற பெண் ஒரு ஏட்டில் எஃபி, இன்னொன்றில் ஹென்ரியேட்டா. டொனால்ட் கடல் கடந்ததும் டேனியல் ஆனதுண்டு. ஜேனட்டும் ஜெஸ்ஸியும் ஒரே ஆளாக இருக்கலாம்.

கைகொடுப்பது பெயர் வைக்கும் முறை. பாட்டன் பெயரைத் தாங்குவதால்தானே நமக்குப் பெயரன், பேரன். அங்கேயும் அதே கணக்கு: முதல் மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாமவனுக்குத் தாயின் தந்தை பெயர், மூன்றாமவனுக்குத்தான் தந்தை பெயர். முதல் மகளுக்குத் தாயின் தாய் பெயர். பிள்ளைகளை வயதுவாரியாக எழுதினாலே பாட்டன் பாட்டி பெயர்கள் மேலே வந்துவிடும். இது சட்டமல்ல, செத்துப்போன குழந்தையின் பெயரை அடுத்ததற்கு வைப்பதும் உண்டு என்பதால் வரிசை குலையும். சான்றாகக் கொள்ளாமல் துப்பாக மட்டும் பயன்படுத்துங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு டொனால்ட் மிஞ்சினால், ஒவ்வொருவரையும் ஸ்காட்லாந்திலேயே பின்தொடருங்கள். 1861 மக்கள்தொகைக் கணக்கில் ஸ்கையிலேயே ஆடு மேய்த்துக்கொண்டிருப்பவர் 1852இல் கப்பலேறியவராக இருக்க முடியாது. 1841 கணக்கில் வயதுக்கு ஏமாறாதீர்கள்: 15க்கு மேற்பட்டோர் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழிறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள், 39 வயதுக்காரர் 35 என்று நிற்பார்.

கடைசியாக டி.என்.ஏ. பரிசோதனை. பூட்டனின் பெற்றோரைப் பொதுவாகக் கொண்ட இருவரிடம் சராசரியாக 70 சென்டிமார்கன் (டி.என்.ஏ. துண்டுகளை அளக்கும் அலகு) சொச்சம் ஒத்திருக்கும். பத்தில் ஒரு ஜோடிக்கு எதுவுமே ஒத்துப்போகாது. இன்னும் ஒரு தலைமுறை தள்ளினால் பாதி ஜோடிகளுக்கு எதுவுமே ஒத்துப்போகாது. பல தலைமுறை உள்ளுக்குள்ளேயே மணம் முடித்த தீவுக்காரர்களுக்குச் சிக்கல் நேர்மாறு: பல வழிகளில் உறவு சேர்வதால் தூரத்து உறவும் நெருங்கிய உறவாகத் தெரியும். எனவே மொத்தத்தைவிட, மிக நீண்ட ஒற்றைத் துண்டின் அளவைப் பாருங்கள். வீட்டில் பாட்டி உயிரோடிருந்தால் எச்சில் மாதிரியைப் பேரனிடம் எடுக்காமல் அவரிடமே எடுங்கள். முன்னோரிடமிருந்து வந்த டி.என்.ஏ. தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகக் கரைகிறது.