சொல் விளக்கம்: நெறிமுறை

இரண்டு கருவிகள் தகவல் பரிமாறும்போது யார் முதலில் பேசுவது, எந்த வடிவில் பேசுவது, பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே வகுத்த ஒழுங்கே புரோட்டோகோல். தமிழில் நெறிமுறை.

மூலம் கிரேக்கம். 'புரோட்டோஸ்' என்றால் முதல். 'கொல்லா' என்றால் பசை. பப்பிரசுச் சுருளின் முகப்பில் ஒட்டிய முதல் தாளைக் குறித்த சொல், லத்தீன், பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்து ஒப்பந்த வரைவு, இராஜதந்திர மரபு என்று பொருள் விரிந்தது. 1967இல் பிரித்தானியத் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் ஸ்கான்டில்பரியும் பார்ட்லெட்டும் தரவு வலையமைப்பு பற்றிய குறிப்பொன்றில் இச்சொல்லை ஆண்டனர்.

'விதி' என்று மட்டும் எழுதுவது போதாது. விதி ஒருவரை மட்டுமே கட்டுப்படுத்தவும் கூடும். நெறிமுறைக்கு இரு தரப்பும் உடன்பட வேண்டும், வரிசையும் வேண்டும். 'நெறிமுறை' ஒழுக்கநெறியையும் குறிப்பதால், முதன்முறை எழுதும்போது 'தொடர்பாடல் நெறிமுறை' என்று விரித்தெழுதுவது நல்லது. 'நடப்பொழுங்கு' என்றும் வழங்குகிறது. செயலின் வரிசையைச் சுட்டுவதால் அதுவும் பொருத்தமான சொல்லே.

எந்த நெறிமுறைகளைக் கற்பது? ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நிரலாக்கம் பழகுபவர் பெயர்களை மனனம் செய்யத் தேவையில்லை. செய்தி தொலைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டுப் பழகினால் தெரிவு எளிதாகும். இணையத்தில் தரவை ஏற்றிச் செல்லும் நெறிமுறைகள் டி.சி.பி.யும் யூ.டி.பி.யும். டி.சி.பி. தொலைந்ததை மீண்டும் அனுப்பி வரிசையும் காக்கும். ஒவ்வொரு தரவுப் பொதியின் முன்னும் சேரும் தலைப்பகுதி குறைந்தது 20 பைட். யூ.டி.பி.க்கு 8 பைட் போதும், ஆனால் தொலைந்தது தொலைந்ததுதான். அதைப் பழையதென்று ஒதுக்க வேண்டாம்: இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்.டி.டி.பி.யின், 2022இல் தரமாக வெளியான மூன்றாம் பதிப்பு யூ.டி.பி.யின் மேல்தான் ஓடுகிறது. இவற்றோடு தளப்பெயரை முகவரியாக மாற்றும் டி.என்.எஸ்., எச்.டி.டி.பி., இணைப்பை மறைகுறியாக்கிக் காக்கும் டி.எல்.எஸ். ஆகியன எல்லோருக்கும் அடிப்படை. நேரலைத் திரைகள் செய்வோர், இணைப்பைத் திறந்தே வைத்து இரு பக்கமும் பேச உதவும் வெப்சொக்கெட்டையும் சேர்க்கலாம்.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியின் வெப்பநிலை, ஈரப்பதன் உணரிகளுக்கு, சிறு செய்திகளை அனுப்பும் எளிய நெறிமுறையான எம்.கியூ.டி.டி. பொருந்தும். செய்மதி வழியே எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க 1999இல் உருவானது அது. மலைச்சரிவின் விட்டுவிட்டு வரும் சிக்னலையும் தாங்கும். செய்தி சேருமென்ற உறுதியின் அளவே சேவைத்தரம். அது 0 என்றால் இணைப்பு அறும் நேரத்து அளவீடுகள் போய்விடும். 1 என்றால் வந்து சேரும், ஆனால் இருமுறையும் வரலாம். ஒவ்வோர் அளவீட்டுக்கும் தொடர் எண் கொடுத்தால் இரட்டிப்பை நீக்கலாம். கருவி மௌனமாக இருக்கக்கூடிய நேரமான 'கீப் அலைவ்' 60 விநாடி என்றால், 90 விநாடி மௌனத்தின் பின் புரோக்கர், அதாவது செய்திகளை வாங்கிப் பகிரும் இடைச் சேவையகம், இணைப்பைத் துண்டிக்கும். இரு உணரிகளுக்கு ஒரே கிளையன்ட் ஐடி (அடையாளப் பெயர்) கொடுத்தால் ஒன்றையொன்று மாறி மாறி வெளியேற்றும்; இதைப் பலர் சிக்னல் கோளாறு என்று நினைத்து அன்டெனாவை மாற்றுவார்கள்.

மின்வெட்டுக்குப் பின் டி.எல்.எஸ். இணைப்பு மட்டும் தோற்றால் கருவியின் நேரத்தைப் பாருங்கள். பற்றரியில் ஓடும் கடிகாரம் இல்லாத சிறு கருவி 1970ஆம் ஆண்டில் விழித்தெழும். புரோக்கர் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழின் காலம் இன்னும் தொடங்கவில்லை என்று கருவி அதை நிராகரிக்கும். முதலில் என்.டி.பி. என்ற நேர நெறிமுறை மூலம் நேரத்தைப் பெற்று, பிறகு புரோக்கரை அழைக்கும்படி நிரலை எழுத வேண்டும்.