பீங்கான்: பொருள் சீனம், பெயர் பாரசீகம்

பீங்கான் என்றதும் சீனா ஞாபகம் வருவதால் சொல்லும் அங்கிருந்தே வந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் சொல் பாரசீகம். அங்கே பிங்கான் என்றால் கிண்ணம், கோப்பை. அதற்கும் மூலம், தட்டு, பலகை என்று பொருள்படும் பினாக்ஸ் என்ற கிரேக்கச் சொல் என்பார்கள். பாரசீகப் பிங்கானே அரபியில் ஃபிஞ்சான் ஆகிக் காபிக் கோப்பையைக் குறித்தது. மலாயில் பிங்கான், மலையாளத்தில் பிஞ்ஞாணம், சிங்களத்தில் பிங்கான, எல்லாமே தட்டு அல்லது கிண்ணம்தான். இலங்கைத் தமிழிலும் சாப்பிடுகிற தட்டைப் பீங்கான் என்று சொல்வது உண்டு.

ஆக, முதலில் இது பாத்திரத்தின் பெயர். தமிழ்நாட்டில் நாம்தான் அதை மண்ணின் பெயராக்கிவிட்டு, பிறகு 'பீங்கான் தட்டு' என்று இன்னொரு தட்டையும் சேர்த்துக்கொண்டோம். நடு சென்டர் கதைதான்.

சரி, அந்த மண் எது? சீனக்களிமண். ஜியாங்ஸி மாகாணத்தில் ஜிங்டஜென் ஊருக்குப் பக்கத்திலுள்ள காவ்லிங் என்ற இடத்தின் பெயரில்தான் அதைக் கயோலின் என்கிறார்கள். அதோடு ஒரு வகைக் கல்லைப் பொடித்துச் சேர்த்து 1300 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால், உடைத்துப் பார்த்தாலும் உள்ளே வெள்ளையாக இருக்கும், மெல்லிய தட்டாக இருந்தால் வெளிச்சத்தில் பிடிக்கும்போது விரல் நிழல் தெரியும். நம் வீட்டு ஊறுகாய் ஜாடியில் இது நடக்காது. அதைப் பீங்கான் என்பது பேச்சு வழக்கு, அவ்வளவுதான்.

மீனும் பூவும் எழுதிய பழைய சீனத் தட்டுகளிலும் ஒரு சொல் விளையாட்டு இருக்கிறது. சீனத்தில் மீனுக்கு யூ, மிச்சம் மீதிக்கும் யூ. தாமரைக்கு லியென், தொடர்ச்சிக்கும் லியென். அதனால் தாமரைக்கு நடுவே மீன் நீந்தினால் ஆண்டுதோறும் மிச்சம் இருக்கட்டும் என்ற வாழ்த்தாகப் படிப்பார்கள். 14ஆம் நூற்றாண்டு யுவான் அரச மரபுக் காலத் தட்டுகளில் பாசிக்கு நடுவே நீந்தும் மீன்கள் கோபால்ட் நீலத்தில், பளபளப்புப் பூச்சுக்கு அடியில் எழுதப்பட்டவை. எத்தனை முறை கழுவினாலும் போகாது. மிங் மரபுப் பேரரசர் ஜியாஜிங் (1522–1566) காலத்து ஜாடிகளில் ஆரஞ்சு நிறக் கெண்டைகள் வரும், அந்த நிறம் பூச்சுக்கு மேலே இருப்பதால் தேய்ந்துபோகலாம். விலை கேட்கிற ஆட்கள் முதலில் தடவிப் பார்க்க வேண்டிய இடம் அது.

தனித்தமிழில் என்ன சொல்வது? சிலர் சுடுமண் என்பார்கள், அது தவறு. சுடுமண் என்றால் நம் ஊர்ச் சிவப்புப் பொம்மை. வெண்களிக் கலம் என்றால் பொருள் சரியாக வருகிறது. தட்டுக்கும் கிண்ணத்துக்கும் வட்டில் என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது, ஓவியம் 'எழுதுவது' என்பதும் பழைய வழக்கு. நான் 'மீன் எழுதிய வெண்களி வட்டில்' என்று எழுதுவேன். கடையில் கேட்கும்போது மட்டும் பீங்கான்தான்.