வஞ்சிரம் படகில் ஏறிய பிறகு

பவானிசாகரிலும் மேட்டூரிலும் கட்லா, ரோகு பிடித்துக் கைதேர்ந்தவர்கள், நாலைந்து பேராகச் சேர்ந்து பாம்பனுக்கோ தூத்துக்குடிக்கோ போய், படகு பேசி, வஞ்சிரம் பிடித்து வருவதை ஈரோட்டில் அடிக்கடி பார்க்கிறேன். எனக்கும் தூண்டில் கிறுக்கு உண்டு. ஆனால் அவர்களில் சிலரைத் திங்கட்கிழமை காலையில் நோயாளிகளாகப் பார்க்க நேர்வதுதான் இதை எழுதத் தூண்டியது.

வஞ்சிரம் இரண்டு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. அதன் பல் கத்திமுனை போன்றது. ஆகவே தூண்டில் முள்ளை ஒட்டிய கடைசி முழத்துக்குத் தங்கூசி என்கிற நைலான் நரம்பு போதாது, எஃகுக் கம்பி வேண்டும். இரை கவ்வியதும் அது ஒரே ஓட்டமாக ஓடும். அணையில் பழகிய கை உடனே ரீலின் பிரேக்கை இறுக்கப் பார்க்கும். நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுக்கினால் நரம்பு அறும், அல்லது மீனின் வாய் கிழியும். ஓடுகிற நரம்பைக் கையில் சுற்றிப் பிடிப்பது அதைவிடப் பெரிய தவறு. என் வலது சுட்டுவிரலில் குறுக்காக ஓடும் வெள்ளைத் தழும்பு அப்படி வந்ததுதான். கையுறை இருந்தது, பைக்குள்.

தூண்டில் முள் விரலில் ஏறிவிட்டால், பின்னோக்கி நீளும் அதன் எதிர்முனை சதையைக் கிழிக்கும் என்பதால் பிடுங்க முயலாமல், நரம்பை மட்டும் வெட்டிவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள். டெட்டனஸ் தடுப்பூசியும் தேவைப்படலாம்.

நான் அதிகம் அஞ்சுவது மீன் படகில் ஏறிய பிறகான மணிநேரங்களை. ஒருமுறை பெருந்துறைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, மூவருக்கும் முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று சிவந்து, தலைவலியும் படபடப்புமாக வந்தது. "நல்லா வறுத்துத்தானுங்க டாக்டர் சாப்பிட்டோம், முதல் துண்டுலயே நாக்குல மிளகு கடிச்ச மாதிரி இருந்துச்சுங்க" என்றார் குடும்பத் தலைவர். விசாரித்தபோது, பதினோரு கிலோ வஞ்சிரம் படகின் பலகையில் மூன்று மணி நேரம் ஈரச் சாக்கு போர்த்திக் கிடந்திருக்கிறது. பிறகு கார் டிக்கியில், தெர்மோகோல் பெட்டியில், முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம். கரூர் தாண்டும்போதே ஐஸ் தண்ணீராகிவிட்டதாம்.

வஞ்சிரம், சூரை, அயிலை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. பிடித்த மீன் குளிர்ச்சி இழந்து சூடு ஏறினால் பாக்டீரியாக்கள் அதை, அலர்ஜியின்போது நம் உடலில் சுரக்கும் அதே ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. அப்படி உருவானது வறுத்தாலும், குழம்பு வைத்தாலும், உறைய வைத்தாலும் போகாது; மீனில் கெட்ட நாற்றமும் வராமல் இருக்கலாம். பலர் இதை மீன் அலர்ஜி என்று எண்ணி வாழ்நாள் முழுக்க மீனையே ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரே மீனை உண்ட பலருக்கு ஒரே நேரத்தில் இவ்வாறு வந்தால் ஹிஸ்டமினைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் மருந்தில் சீக்கிரம் அடங்கும். மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

எனவே படகு பேசும்போதே ஐஸையும் பேசிவிடுங்கள். மீனின் எடைக்கு எடை ஐஸ் வேண்டும். பிடித்த உடனே குடலையும் செவுளையும் நீக்கி, வயிற்றுக்குள்ளும் பொடித்த ஐஸை அடைத்து, மேலும் கீழும் பரப்புங்கள். சதையின் வெப்பம் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறக் கூடாது. திரும்பும் வழியில் மதுரையில் தேநீர் குடிக்க இறங்குவீர்கள் அல்லவா, அப்போது பெட்டியைத் திறந்து, உருகிய நீரை வடித்து, புது ஐஸ் போடுங்கள்.