கேரி பேக்குக்கு ஏன் மைக்ரான் கணக்கு?

கால் கிலோ தக்காளி வாங்கினாலும் கடைக்காரர் ஒரு மெல்லிய கேரி பேக்கை உருவி, ஊதிப் பிரித்துக் கொடுப்பார். எடை ஐந்தாறு கிராம் இருக்கும். அந்தப் பையைக் கட்டுப்படுத்த இந்திய அரசு பெரிதும் நம்பியது தடிமனைத்தான். 1999இல் குறைந்தது 20 மைக்ரான் இருக்க வேண்டும் என்றார்கள். 2011இல் அது 40 ஆனது, 2016இல் 50. பிறகு 2021 செப்டம்பர் 30 முதல் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும்.

பிளாஸ்டிக்கைக் குறைக்க வேண்டும் என்கிறோம், அப்புறம் எதற்குப் பையைத் தடிமனாக்குவது? பழைய சாமான் கடையின் தராசுதான் காரணம். குப்பை பொறுக்குகிறவருக்குக் கிலோ கணக்கில்தான் காசு. ஐந்து கிராம் பை என்றால் ஒரு கிலோ சேர 200 முறை குனிய வேண்டும், அதுவும் மண்ணும் ஈரமும் ஒட்டிய பைகளுக்காக. பாட்டிலைப் பொறுக்கினால் அதைவிடச் சீக்கிரம் கிலோ சேர்ந்துவிடும். அதனால் மெல்லிய பை கிடந்த இடத்திலேயே கிடந்து, காற்றில் பறந்து, சாக்கடையை அடைக்கும், மாட்டின் வயிற்றுக்குள்ளும் போகும். 1988, 1998 வெள்ளங்களின்போது வடிகால்களை இந்தப் பைகள் அடைத்ததைப் பார்த்த வங்கதேசம், 2002இல் அவற்றைத் தடை செய்தது.

தடித்த பை பொறுக்கத் தகுந்தது. அதோடு, அதே அளவுள்ள 120 மைக்ரான் பைக்கு 20 மைக்ரான் பையைப் போல ஆறு மடங்கு பிளாஸ்டிக் தேவை. விலை ஏறும், கடைக்காரர் சும்மா தர யோசிப்பார். மைக்ரான் விதிக்குள் ஒரு விலை விதியும் ஒளிந்திருக்கிறது.

அயர்லாந்து நேராகவே விலை வைத்தது. 2002 மார்ச் 4 முதல் ஒரு பைக்கு 15 சென்ட் வரி. கடை அதைத் தன் கணக்கில் ஏற்க முடியாது; வாங்குபவர்தான் கொடுக்க வேண்டும், ரசீதிலும் தனியாகத் தெரிய வேண்டும். ஆளுக்கு ஆண்டுக்கு 328 ஆக இருந்த பைகள் 21 ஆகக் குறைந்தன! இலவசத்துக்கும் 15 சென்டுக்கும் நடுவே இருப்பது சின்னத் தொகைதான். ஆனால், ‘பை வேண்டுமா?’ என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நாளாக ஆகப் பழகிப்போய்ப் பைகள் மெல்லக் கூடின. 2007இல் வரியை 22 சென்ட் ஆக்கினார்கள்.

கலிபோர்னியாவில் தடிமன் வழி சறுக்கியது. மெல்லிய பையைத் தடுத்துவிட்டு, தடித்த பையை 10 சென்டுக்கு விற்கவிட்டார்கள். பலர் அதையும் ஒரே தடவையில் எறிந்தார்கள். 2024இல் போட்ட புதிய சட்டம் அந்த ஓட்டையை அடைக்கிறது.

தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடிமனே பார்க்காமல் கேரி பேக்கைத் தடை செய்தது. 2021 டிசம்பரில், துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் அரசின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. எனக்கு இதுதான் சரியான திசை என்று படுகிறது. ஆனால் துணிப்பைக்கும் ஒரு கணக்கு உண்டு. பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்தினால்தான், புவி வெப்பமடைதல் கணக்கில் அது ஒருமுறை வீசும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்று பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் கணக்கிட்டது. வாரம் இரண்டு முறை காய்கறிக் கடைக்கு எடுத்துப்போனால் ஒன்றேகால் வருடம்.