த்ராட்டிலை முடுக்கி என்று எழுதாதீர்கள்

விண்வெளிப் பறப்பு விளையாட்டுகளுக்கு எந்த ஜாய்ஸ்டிக் வாங்கலாம் என்று தமிழில் எழுதுகிறவர்கள், பேசுகிறவர்கள் எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுத்தது போல, எஞ்சினின் உந்துவிசையைக் கூட்டிக் குறைக்கும் இடக்கைப் பிடியான த்ராட்டிலை ‘முடுக்கி’ என்கிறார்கள். காணொளியில் முடுக்கி, பொருள் விவரத்தில் முடுக்கி, அமைப்புப் பட்டியலில் முடுக்கி அச்சு. அண்மையில் ஒரு விற்பனைத் தளத்தில் ‘இடக்கை முடுக்கியுடன் கூடிய மகிழ்குச்சித் தொகுப்பு’ என்று படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஜாய்ஸ்டிக்கை மகிழ்குச்சி என்றதைக்கூட மன்னித்துவிடலாம், அதைப் பார்த்து யாரும் ஏமாறப்போவதில்லை, சிரித்துவிட்டுப் போவார்கள். முடுக்கி அப்படியில்லை. பார்ப்பதற்குச் சரியான கலைச்சொல் போல உடுத்திக்கொண்டு வருகிறது, படிக்கிறவரும் நம்பிவிடுகிறார்.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் தொண்டைக்கு த்ரோட் என்று பெயர், அதிலிருந்து வந்த வினைதான் த்ராட்டில்: குரல்வளையை நெரிப்பது. நீராவி எஞ்சின் காலத்தில் உருளைக்குள் போகும் நீராவியை நெருக்கி மட்டுப்படுத்தும் வால்வுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். பெட்ரோல் எஞ்சின் வந்ததும் உள்ளே போகும் காற்றை மட்டுப்படுத்தும் தகட்டுக்கு அது போனது, அப்புறம் அந்த வால்வை அசைக்கும் நெம்புகோலுக்கு, விமானத்தில் விமானியின் கைப்பிடிக்கு, கடைசியில் நம் மேசைக்கு. ‘ஃபுல் த்ராட்டில்’ என்று ஆங்கிலத்தில் கத்தும்போது உண்மையில் நெரிப்பே இல்லாத நிலையைச் சொல்கிறார்கள், அது அவர்கள் மொழியின் கூத்து. ஜாய்ஸ்டிக் 1910ஐ ஒட்டி விமானிகளின் பேச்சில் புழங்கத் தொடங்கிய சொல், அதை முதலில் சொன்னவர் யார் என்பதில் பல கதைகள் உண்டு. நமக்கு அது இப்போது வேண்டாம்.

சரி, முடுக்கிக்கு வருவோம். தமிழில் முடுக்குவது என்றால் விரட்டுவது, விரைவுபடுத்துவது. திருகை இறுக்குவதையும் முடுக்குவது என்போம். ‘மீட்புப் பணிகள் முடுக்கிவிடப்பட்டுள்ளன’ என்று செய்தியில் வந்தால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பள்ளி இயற்பியலில் முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம். துகள் முடுக்கி, காரின் முடுக்கி மிதி எல்லாம் இந்தப் பொருளில் வந்தவை, அந்த இடங்களில் சொல்லும் நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது. அதை அங்கிருந்து கிளப்பி த்ராட்டிலின் மேல் ஏற்றியதுதான் தப்பு.

ஏன் தப்பு? ராக்கெட் கட்டி ஏவும் விளையாட்டான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் ஒரு ராக்கெட்டை ஏவிப் பாருங்கள். த்ராட்டிலைப் பாதியில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். எஞ்சின் அதன் திறனில் பாதி உந்துவிசையைத் தந்துகொண்டே இருக்கும். ஆனால் எரிபொருள் எரிய எரிய ராக்கெட்டின் நிறை குறைகிறது, அதே உந்துவிசை லேசான ராக்கெட்டை இன்னும் வேகமாகத் தள்ளுகிறது, அதனால் முடுக்கம் ஏறிக்கொண்டே போகும். பிடி அசையவில்லை, முடுக்கம் மட்டும் மாறுகிறது. அப்படியானால் அந்தப் பிடி நிர்ணயிப்பது முடுக்கத்தையா? இல்லை. உந்துவிசையை. அதே விளையாட்டில் திட எரிபொருள் பூஸ்டரைப் பொருத்திப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்: அது த்ராட்டிலுக்குக் கட்டுப்படவே படாது, பற்றவைத்தால் தீரும்வரை எரியும். ராக்கெட்டை முடுக்குவது அதுவும்தான், அதில் த்ராட்டில் மட்டும் இல்லை. முடுக்குகிற பொருள் வேறு, த்ராட்டில் வேறு என்பதற்கு இதைவிட நேரான சான்று எங்கே தேடுவது?

இப்போது விண்கப்பல் ஓட்டும் விளையாட்டான எலைட் டேஞ்சரஸுக்கு வாருங்கள். அங்கே கப்பலின் கணினியே வேகத்தைச் சீர்செய்யும் ஃபிளைட் அசிஸ்ட் வசதியைப் போட்டிருக்கும்போது த்ராட்டிலின் நிலை, கப்பல் எந்த வேகத்தில் போகவேண்டும் என்பதைச் சொல்கிறது. பாதியில் வைத்தால் கப்பல் பாதி வேகத்தை எட்டும், எட்டியதும் அதிலேயே நிற்கும், அதாவது முடுக்கம் சுழி. ‘முடுக்கி’ பாதி தள்ளியிருக்கிறது, முடுக்கம் துளியும் இல்லை! கொஞ்சம் பின்னால் இழுத்தால் முன்பக்க உந்திகள் எரிந்து வேகத்தைக் குறைக்கும். வேகத்தைக் குறைக்கிற பிடிக்கு முடுக்கி என்று பெயர் வைத்துவிட்டு, வேகமானியில் நீலமாகத் தெரியும் பகுதிக்குள் வேகத்தை வைத்தால் கப்பல் நன்றாகத் திரும்பும், அதற்கு முடுக்கியைப் பின்னால் இழுங்கள் என்று புதியவருக்குச் சொன்னால் அவர் என்ன புரிந்துகொள்வார்?

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும், எனக்கும் பலமுறை வந்திருக்கிறது: வேகம் குறைவதும் இயற்பியலில் முடுக்கம்தானே, எதிர்க்குறி போட்டுக்கொண்டால் போதுமே என்று. அந்தக் கணக்கில் பிரேக்கும் முடுக்கிதான், திசைவேகத்தின் திசையை மாற்றுகிற ஸ்டியரிங்கும் முடுக்கிதான், ஜாய்ஸ்டிக்கும் முடுக்கிதான். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பெயரை வைத்துக்கொண்டு எதை அடையாளம் காட்டுவது?

இதைவிட மோசமான விளைவு இன்னொன்று உண்டு. ஒரு மொழிபெயர்ப்பாளர் தன் சொல்பட்டியலில் ‘த்ராட்டில் = முடுக்கி’ என்று ஒருமுறை சேர்த்துவிட்டால் அது எல்லா இடத்துக்கும் போய் ஒட்டிக்கொள்ளும். கணினியின் செயலி சூடேறினால் தன் வேகத்தைத் தானே மட்டுப்படுத்திக்கொள்ளும், அதற்கும் ஆங்கிலத்தில் த்ராட்டில் என்றுதான் பெயர், நெரிப்பது என்ற பழைய பொருளில். அதைத் தமிழாக்கும்போது ‘அதிக வெப்பத்தில் செயலி முடுக்கப்படும்’ என்று வந்து நிற்கிறது. சொல்லவந்ததற்கு நேர் எதிர். விளையாட்டின் நடுவே படம் திக்கித் திணறுகிறதே என்று காரணம் தேடிப் போகிறவர், சூடானால் கணினி இன்னும் வேகமாக ஓடும் என்று படித்துவிட்டு வருவார். அகராதியைத் திறந்தார்களா என்று நான் கேட்கவில்லை, எழுதிய வாக்கியத்தை ஒருமுறை திரும்பப் படித்தார்களா என்றுதான் கேட்கிறேன்.

முடுக்கியின் எதிரிகளாக ஒரு தூய்மைவாதிக் கூட்டமும் இருக்கிறது. வேர்ச்சொல்லைத் தோண்டி எடுத்து ‘நெரிப்பி’, ‘நெரிகோல்’ என்றெல்லாம் ஆக்குகிறார்கள். நான் தனித்தமிழ்ப் பக்கம் சாய்கிறவன்தான், ஆனால் இதை ஏற்க முடியவில்லை. நீராவிக் குழாயின் நெரிப்பு ஆங்கிலச் சொல்லின் பிறந்த வீட்டுக் கதை. அந்தக் கதையை நாம் ஏன் சுமக்கவேண்டும்? தமிழ்ப் பெயர் பொருளின் வேலையைப் பார்த்து வரவேண்டும், பிறமொழிப் பெயரின் வேரைப் பார்த்து அல்ல. செயலிக்கும் இணைய வேகத்துக்கும் ‘மட்டுப்படுத்தல்’ என்ற சொல் தயாராகவே இருக்கிறது, அங்கே அதைப் போட்டால் போதும். ‘வேகக் கட்டுப்படுத்தி’ என்பவர்கள் பாதிவழி வந்திருக்கிறார்கள்: எலைட்டில் பொருந்தும், கெர்பலில் பொருந்தாது. சொல்லும் முழ நீளம்.

முடுக்கி என்ற சொல் வாங்குகிறவரை எங்கே ஏமாற்றுகிறது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை, காசு சம்பந்தப்பட்ட விஷயம். முடுக்கி என்றதும் மனதில் வருவது காரின் மிதி. காலை எடுத்தால் வில் அதை மேலே தள்ளிவிடும். த்ராட்டில் பிடியில் அப்படி வில் கிடையாது, உராய்வுதான் அதைப் பிடித்துவைத்திருக்கிறது, எங்கே விட்டீர்களோ அங்கேயே நிற்கும். ஜாய்ஸ்டிக்கோ கையை விட்டதும் வில்லின் இழுப்பில் நடுவுக்குத் திரும்பும். திரும்பிவருவதா, நின்ற இடத்தில் நிற்பதா என்ற இந்த ஒரு வேறுபாடுதான் எதை வாங்குவது என்பதையே தீர்மானிக்கிறது.

பிடியின் நிலையே வேகமாகிற விளையாட்டு என்றால் த்ராட்டில் நின்ற இடத்தில் நிற்பது பெரிய வசதி. எலைட்டில் சூப்பர்குரூஸ் என்ற நெடுந்தூரப் பயண முறையில் இலக்கை நெருங்கும்போது முக்கால் அளவில் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம். இப்படி விளையாடுகிறவர், பின்னோக்கிப் போவதும் அதே பிடியில் வேண்டுமென்றால், நடுவில் சுழி எங்கே என்று விரலுக்குத் தெரிகிற மாதிரி ஒரு சின்னப் பள்ளம் உள்ள த்ராட்டிலைத் தேடவேண்டும். பள்ளம் இல்லாவிட்டால் நிறுத்திவிட்டதாக நினைத்திருப்பீர்கள், கப்பல் மெல்ல நகர்ந்துகொண்டே போய் நிலையத்தின் சுவரில் முட்டும். கெர்பலில் பின்னோக்கி எரியும் பேச்சே இல்லை, சுழியிலிருந்து முழு அளவு வரைதான், அங்கே பள்ளம் இருந்தால் எரிச்சல்தான் மிச்சம்.

ஆனால் ஃபிளைட் அசிஸ்டை அணைத்துவிட்டு, அல்லது ஸ்டார் சிட்டிசன் விளையாட்டில் அதே போல உதவி இல்லாத டீகப்பிள்டு முறையில் ஓட்டுகிறவருக்குக் கதையே வேறு. விண்வெளியில் கப்பலுக்கு ஆறு அசைவுகள்: முன்பின், இடவலம், மேல்கீழ் என்று நகர்வு மூன்று, சுழற்சி மூன்று. முறுக்கும் அச்சுள்ள ஒரு ஜாய்ஸ்டிக் சுழற்சி மூன்றையும் பார்த்துக்கொள்ளும். மீதி மூன்று நகர்வையும் இடக்கை பார்க்கவேண்டும், அதுவும் கையை விட்டதும் உந்துவது நிற்கவேண்டும். இதற்கு நின்ற இடத்தில் நிற்கும் த்ராட்டில் உதவாது, இடக்கைக்கும் ஒரு ஜாய்ஸ்டிக்தான் சரி. அதனால்தான் த்ராட்டிலும் ஜாய்ஸ்டிக்கும் சேர்ந்த ஹோட்டாஸ் அமைப்புக்குப் போட்டியாக ஹோசாஸ் என்ற இரட்டை ஜாய்ஸ்டிக் அமைப்பு வந்தது. த்ரஸ்ட்மாஸ்டரின் டி.16000எம் போல எந்தக் கைக்கும் மாற்றிக்கொள்ளக்கூடிய பிடிகள் இதற்கு ஏற்றவை. த்ராட்டிலின் மேலேயே கட்டைவிரலுக்கு ஒரு குட்டிக் குச்சி வைத்துச் சமாளிக்கும் கருவிகளும் உண்டு, சமாளிப்பு என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

நிஜ விண்கலத்திலும் இப்படித்தான் இருந்தது. அப்பல்லோ நிலவிறங்கு கலத்தில் வலக்கைப் பிடி சுழற்சிக்கு, இடக்கைப் பிடி நகர்வுக்கு. அந்த இடக்கைப் பிடியில் ஒரு தெரிவு நெம்பு இருந்தது: ஒரு பக்கம் வைத்தால் பிடியை மேலும் கீழும் அசைப்பது சின்ன உந்திகளை எரிக்கும், மறுபக்கம் வைத்தால் அதே அசைவு இறங்கு எஞ்சினின் உந்துவிசையைக் கூட்டும் குறைக்கும். அந்த எஞ்சினைச் சுமார் 10 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்தை ஒட்டி வரை நினைத்த அளவில் வைக்கலாம், அதற்கு மேல் முழு உந்துவிசைதான், இடைப்பட்ட அளவுகளில் நெடுநேரம் ஓட்டினால் முனைக்குழாய் அரித்துவிடும் என்று அதை ஒதுக்கியிருந்தார்கள். தாய்க்கலத்தின் பெரிய எஞ்சினுக்கோ த்ராட்டிலே கிடையாது, எரியும் அல்லது எரியாது. பொறியாளர்கள் பேசியதெல்லாம் உந்துவிசையைப் பற்றி. நம் சொல்லும் அங்கிருந்து வரட்டும் என்கிறேன்.

உந்துபிடி. அவ்வளவுதான். உந்துவது என்றால் தள்ளுவது, உந்துவிசை பள்ளிப் புத்தகம் வரை போய்விட்ட சொல், பேருந்தில் தினமும் ஏறி இறங்குகிறோம், யாருக்கும் புதிதில்லை. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, அதனால் இடையில் ஒற்றும் மிகாது. உந்து என்றால் வண்டி என்றும் ஆகிவிட்டதே, உந்துபிடி என்றால் வண்டியின் கைப்பிடி என்று தோன்றாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனால் கப்பலை ஓட்டுகிற சூழலில் அந்தக் குழப்பம் வர வாய்ப்பு குறைவு. எலைட்டில் அது வேகத்தைக் குறிக்கிறதே என்றால், அந்த வேகத்துக்குக் கொண்டுபோகக் கப்பல் முன்னோ பின்னோ உந்தித்தானே ஆகவேண்டும், அங்கேயும் சொல் பொய்யாகவில்லை. ஜாய்ஸ்டிக்குக்குச் சாய்பிடி என்பேன், சாய்த்து ஓட்டுவதால். ஜாய்ஸ்டிக் என்றே எழுதினாலும் சண்டைக்கு வரமாட்டேன், அது எல்லாருக்கும் பழகிவிட்டது. இரண்டு சாய்பிடி வைத்த அமைப்பு இரட்டைப்பிடி. ஹோட்டாஸ் என்பது சுருக்கப்பெயர், அதை ஹோட்டாஸ் என்றே விட்டுவிடலாம். அதையும் பிடித்து ‘உந்தல் மற்றும் குச்சி மீது கைகள்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். குச்சி மீது கைகள்!

இப்படிச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர்கள் இதோடு நிறுத்துவதில்லை. ஜாய்ஸ்டிக்கின் நடுவில் சின்ன அசைவுகளைக் கணக்கில் எடுக்காத வட்டம் ஒன்று இருக்கும், ஆங்கிலத்தில் டெட் ஸோன், அதை ‘இறந்த மண்டலம்’ என்கிறார்கள். ‘அசையா வட்டம்’ என்றால் என்ன கெட்டுப்போகும்? வாங்கும்போது, உரசும் மின்தொடர்பால் நிலையை அறியும் பொட்டென்ஷியோமீட்டர் உள்ளதைவிட ஹால் உணரி உள்ள கருவியைத் தேடச் சொல்வார்கள், நல்ல அறிவுரைதான், ஹால் உணரிக்குள் ஒன்றோடொன்று உரசித் தேயும் பாகம் இல்லை, காந்தப்புலத்தை வைத்து நிலையை அறிகிறது, நாளாக நாளாகப் பிடி தானே ஒரு பக்கம் இழுக்கும் தொல்லை குறைவு. அந்த ஹால் என்பது 1879இல் ஹால் விளைவைக் கண்டறிந்த எட்வின் ஹாலின் பெயர். ஒரு பொருள் விவரத்தில் அது ‘மண்டப விளைவு’ ஆகியிருந்தது.