கெட்டிக்கும் ரைஃபிளில் எவ்வளவு குறி எதிர்பார்க்கலாம்?

போன மாதம் பயிற்சி முடிந்து சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது என் பழைய மாணவர் ஒருவர் பார்க்க வந்தார். பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாகக் காற்றுத் துப்பாக்கி சுட்டவர். தேசிய சேவையிலும் நன்றாகச் சுட்டுப் பெயர் வாங்கினார். குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போன இடத்தில் துப்பாக்கி சுடும் ஒரு ரேஞ்சில் பழைய பாணி ரைஃபிளைச் சுட்டுப் பார்த்திருக்கிறார். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கோலால் கெட்டிக்கும் வகை. தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி என்பார்களே, அதே குடும்பம்தான். குழலுக்குள் மரை, அதாவது குண்டைச் சுழலவைக்கும் திருகு வரிப்பள்ளம், இருப்பதுதான் வித்தியாசம். 100 மீட்டரில் ஐந்து குண்டு சுட்டதில் அட்டையில் பட்டது இரண்டே இரண்டு.

"சார், எனக்குத்தான் கை போச்சா, இல்ல துப்பாக்கியே கோளாறா?" என்று கேட்டார். முகம் வாடிப்போயிருந்தது.

கையிலும் கோளாறு இல்லை, துப்பாக்கியிலும் கோளாறு இல்லை என்றேன். துப்பாக்கிசுடுதல் பயிற்றுநராக இந்தக் கேள்வி என்னிடம் பலமுறை வந்துவிட்டது. நல்ல சுடுநர்கள் இதனால் மனம் உடைந்துபோவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் பழகிய அளவுகோலை முதலில் பாருங்கள். 10 மீட்டர் காற்று ரைஃபிளில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. 50 மீட்டர் ரைஃபிளில் அது 10.4 மில்லிமீட்டர். சிங்கப்பூர் ராணுவத்தில் கொடுக்கும் எஸ்ஏஆர் 21 ரைஃபிளில் 1.5 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி சேர்ந்தே வருகிறது. இதற்கெல்லாம் பழகிய கண், 200 ஆண்டுக்கு முந்தைய வடிவத்திடமும் அதையே கேட்கிறது.

அந்த ரைஃபிள் சுடுவது உருண்டைக் குண்டு. அரை அங்குலக் குழலுக்கு 0.490 அங்குல ஈயக் குண்டு போடுவார்கள். எடை சுமார் பதினொன்றரை கிராம். குழலை விட்டு நொடிக்கு 550 மீட்டர் வேகத்தில் கிளம்பினாலும், 100 கெஜம் போவதற்குள் வேகம் 330 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். காற்றைக் கிழித்துப் போக உருண்டை மோசமான வடிவம். பக்கவாட்டில் மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று அடித்தால், சிங்கப்பூரின் மரினா பாரேஜ் அணைக்கட்டில் காற்றாடி விடுகிறோமே அந்த மாதிரிக் காற்று, 100 கெஜத்தில் குண்டை ஏறக்குறைய ஒரு சாண் தள்ளிவிடும். குறிமுனையை 50 கெஜத்துக்குச் சரிசெய்து வைத்திருந்தால், 100-இல் குண்டு சுமார் 10 சென்டிமீட்டர் கீழே வேறு இறங்கும். மாணவர் காட்டிய படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் ரேஞ்சின் கொடி பக்கவாட்டில் விறைத்துப் பறந்துகொண்டிருந்தது. மீதி மூன்று குண்டும் எங்கே போயின என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

சரி, எவ்வளவு எதிர்பார்க்கலாம்? நான் சுட்டதும் மற்றவர்கள் சுடக் கண்டதும் வைத்துச் சொல்கிறேன். தொலைநோக்கி இல்லாத வெறும் குறிமுனை, மேசையில் முட்டுக் கொடுத்து, 50 மீட்டரில், அந்தக் குழலுக்குப் பொருந்திய மருந்தளவோடு சுட்டால், பத்துக் குண்டும் உள்ளங்கைக்குள் அடங்கினால் அது நல்ல ரைஃபிள், கெட்டித்தவரும் நல்ல கைக்காரர். 100 மீட்டரில், காற்று அமைதியாக இருந்தால், விரித்த கையளவு. நின்றுகொண்டு சுடும் புதியவருக்கு 50 மீட்டரில் சாப்பாட்டுத் தட்டு அளவு என்றால் அதில் வெட்கப்பட எதுவுமே இல்லை. மரையில்லாத வழவழப்புக் குழல் என்றால் இன்னும் தளர்த்திக்கொள்ளுங்கள். ஆங்கிலேயப் படை அதிகாரி ஜார்ஜ் ஹேங்கர் 1814-லேயே எழுதிவிட்டார்: சாதாரண சிப்பாயின் மஸ்கெட் (மரையில்லாத துப்பாக்கி) 80 கெஜத்தில் ஆள் உருவத்தில் படும், 100-இலும் படலாம், 200 கெஜத்தில் சுடுவதும் நிலாவைச் சுடுவதும் ஒன்று.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1860 ஜூலை 2 அன்று விம்பிள்டனில் விக்டோரியா அரசி சுட்ட விட்வொர்த் ரைஃபிளும் வாய்வழி கெட்டிப்பதுதான். 400 கெஜத்தில் மையத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் பட்டது. ஆனால் அது தாங்கியில் இறுக்கிப் பொருத்தி, முன்கூட்டியே குறி சரிசெய்து வைத்த ரைஃபிள். அறுகோணக் குழல், நீளமான குண்டு. அரசி இழுத்தது கயிறு மட்டும். இந்த ஒரு சம்பவத்தைப் படித்துவிட்டு, உருண்டைக் குண்டு போடும் ரைஃபிளிடம் அதையே கேட்பது நியாயமில்லை.

இன்னொன்று, இணையத்தில் வரும் மூன்று குண்டுப் படங்கள். மூன்று ஓட்டைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். அதே ரைஃபிள், அதே கை, பத்துக் குண்டு சுட்டால் சராசரியாக அந்தக் கூட்டம் ஒன்றரை மடங்குக்கும் மேலே விரியும். இது கணக்கு. மூன்று குண்டு 5 சென்டிமீட்டர் என்றால் பத்துக்கு 8 சென்டிமீட்டரை எதிர்பாருங்கள். அப்புறம், யாருமே தன் மோசமான மூன்றைப் படமெடுத்துப் போடுவதில்லை. உலக அளவில் இந்த வகைப் போட்டிகளை நடத்தும் எம்எல்ஏஐசி அமைப்பு, 30 நிமிடத்தில் 13 குண்டு சுடவிட்டுச் சிறந்த பத்தைத்தான் எண்ணுகிறது. மூன்று வழிதவறலாம் என்பது விதியிலேயே இருக்கிறது.

நான் முதன்முதலில் கரிமருந்து, அதாவது இந்த ரைஃபிளில் போடும் பழைய வகை வெடிமருந்து, சுட்டதும் வெளிநாட்டு ரேஞ்சில்தான். என் குண்டுகள் அட்டை முழுக்கச் சிதறின. பக்கத்தில் நின்ற முதியவர் அட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை. சுடுதல் நிறுத்தப்பட்டதும் குழல்வாய்க்கு நாலைந்து மீட்டர் முன்னால் புல்லில் குனிந்து எதையோ தேடினார். குண்டைச் சுற்றி வைக்கும் துணித்துண்டு. மெத்தை உறைத் துணி, அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. குண்டு மரையைப் பிடித்துச் சுழல்வதே இந்தத் துணியால்தான். என்னுடையது நடுவில் கருகி, ஓரத்தில் நார்நாராகக் கிழிந்திருந்தது. "எண்ணெய் போதவில்லை" என்றார். கொஞ்சம் தடிமனான துணியை மசகில் நன்றாக ஊறவைத்தோம். ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு ஈரத்துணியால் குழலைத் துடைத்தோம், ஏனென்றால் கரிமருந்து எரிந்தால் பாதிக்குமேல் திடக்கழிவாக மாறும், அதில் ஒரு பகுதி குழலில் படிந்துவிடும். அடுத்த துணித்துண்டு வட்டம் கலையாமல் விழுந்தது, நடுவில் மட்டும் புகைக்கறை. குண்டுகள் பாதி அகலத்துக்குள் வந்துவிட்டன. நான் மாற்றியது துணியையும் துடைப்பையும் மட்டும்தான்.

சக்கிமுக்கிக் கல் வகை என்றால் இன்னொரு பாடம். விசையை இழுத்தபின் குதிரை எனப்படும் சுத்தியல் விழுந்து, பொறி பறந்து, கிண்ணத்து மருந்து பற்றி, அப்புறம்தான் உள்ளே வெடிக்கும். அந்த இமைப்பொழுதில் தலையைத் தூக்கினால் குறி போய்விடும். புகை கிளம்பிய பிறகும் கன்னம் துப்பாக்கிக் கட்டையிலேயே இருக்கட்டும்.

குறியைவிட முக்கியமானதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குண்டு மருந்தின்மேல் இறுக உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் குழல் வெடிக்கலாம். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலுக்குள் மருந்தைக் கொட்டக் கூடாது. உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் போதும், குடுவையே கையில் வெடிக்கும். புகையில்லா நவீன மருந்தை இதில் போடவே கூடாது. விசை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலை இலக்குப் பக்கமே பிடித்தபடி குறைந்தது ஒரு நிமிடம் காத்திருங்கள்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆசை வந்துவிட்டது என்று பழைய துப்பாக்கியையோ, அலங்கார மாதிரியையோ, உதிரிப்பாகத்தையோ இணையத்தில் வாங்கிவிடாதீர்கள். காவல்துறையின் அனுமதி இல்லாமல் இங்கே கொண்டுவருவது குற்றம். சுட்ட இடத்திலிருந்து நினைவுக்காகக் குண்டோ மருந்தோ எடுத்து வராதீர்கள். போன இடத்தில், உரிமம் பெற்ற ரேஞ்சில், அவர்கள் ஆள் பக்கத்தில் நிற்கச் சுட்டுவிட்டு வாருங்கள்.

மாணவருக்கு இவ்வளவையும் சொல்லிவிட்டு, அடுத்த முறை 50 மீட்டரில் பத்துக் குண்டு சுடச் சொன்னேன். வேலை விஷயமாக மறுபடி அங்கே போனவர் நேற்று படம் அனுப்பியிருந்தார். அட்டைமேல் கையை விரித்து வைத்து எடுத்திருக்கிறார். உள்ளங்கையைச் சுற்றி எட்டு, விரல் நுனியையும் தாண்டி இரண்டு. "அந்த ரெண்டையும் எண்ணணுமா சார்?" என்று கேட்டிருந்தார்.

எண்ணு என்று பதில் போட்டேன். துணித்துண்டைத் தேடிப் பார்த்தாயா என்றும் கேட்டிருக்கிறேன்.